கால் குளிசை

அஸ்பிரின் குளிசையை நாலாக வெட்டுவது சுலபம் என்று சொல்கிறவர்கள் ஒரு நாளும் வெட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். நடுவில் ஒரு கோடு இருக்கும். சவர பிளேட்டை அதில் வைத்து அமத்தினால் இரண்டாகும். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கும்போதுதான் பொடிந்து மாவாகக் கொட்டும். நான் அதைக் குளியலறைக் கதவைப் பூட்டி, குழாயைத் திறந்து விட்டு, சவர்க்காரப் பெட்டியின் மூடியைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் செய்தேன். வெட்டிய துண்டுகளைக் கமரா பிலிம் சுருள் வரும் கறுப்புப் பிளாஸ்டிக் குப்பிக்குள் போட்டுக் கைப்பையின் அடியில் ஒளித்தேன். என் வயிறு, என் பிள்ளை, வைத்தியர் சொன்ன மருந்து. ஆனாலும் திருடி மாதிரித்தான் செய்ய வேண்டியிருந்தது.

ஏன் என்று சொல்வதற்கு முதல் பிள்ளையில் தொடங்க வேண்டும்.

நானும் கணவரும் யாழ்ப்பாணத்தார். இருவருக்கும் கண்டியில் அரசாங்க உத்தியோகம். நகரத்துக்குள் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஊரே இடம்பெயர்ந்த பிறகு மாமியும், அதாவது கணவருடைய தாயாரும், எங்களோடு வந்து சேர்ந்திருந்தார். எனக்கு ஆறாம் மாதம் முடிகிற நேரம் முகம் உப்பத் தொடங்கியது. கால் செருப்புக்குள் நுழையவில்லை. மோதிரத்தைச் சவர்க்காரம் போட்டுத்தான் கழற்ற முடிந்தது. இதைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம். ஒருத்தராவது பயந்திருக்கலாம்.

"முகம் பூரிச்சுப்போய்க் கிடக்கு. பொம்பிளைப் பிள்ளைதான்," என்றார் மாமி.

கந்தோரில் கூட வேலை செய்தவர்கள், "கண்டித் தண்ணி பிடிச்சிட்டுது போல, கன்னமெல்லாம் வந்திட்டுது," என்றார்கள். நானும் கண்ணாடியில் பார்த்துப் பெருமைப்பட்டேன். வீங்குவதைத்தான் பூரிப்பு என்று சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது.

கிளினிக்குக்குப் போக வேண்டிய கிழமையில் நகரத்தில் குண்டு வெடித்தது. ஊரடங்கு போட்டார்கள். தமிழ்க் கடைகளுக்குக் கல் விழுந்தது. நாங்கள் யன்னல்களைப் பூட்டிவிட்டு உள்ளே இருந்தோம். எனக்குத் தலையிடி. சாதாரணத் தலையிடி இல்லை, கண்ணுக்கு முன்னால் வெள்ளி பறக்கிற தலையிடி. மாமி தைலம் பூசிவிட்டார். "பயத்திலை வாறது, படு," என்றார். மறுநாள் வயிறு பலகை மாதிரி இறுகியது. இரத்தம் போனது. ஊரடங்கில் ஒரு வாகனம் பிடித்து, சோதனைச் சாவடிகளில் எல்லாம் நின்று நின்று ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை செத்துவிட்டது. நஞ்சுக்கொடி நேரத்துக்கு முன்னமே கழன்றுவிட்டது என்றார்கள்.

பொம்பிளைப் பிள்ளை. அது மட்டும் மாமி சொன்னபடி நடந்தது.

குண்டு வெடித்ததால் பிள்ளை போனது என்று சொல்வது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. மாமி அதைக்கூடச் சொல்லவில்லை. அவருடைய கணக்கில் குற்றவாளி நான். "மூண்டு மாசம் ஆக முதலே கந்தோர் முழுக்கத் தம்பட்டம் அடிச்சவள். கண்ணூறு படாமல் என்ன செய்யும்?" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். பால் கட்டி நெஞ்சு வலிக்கப் படுத்திருந்த நான் அதை அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

வைத்தியரும் எங்கள் பக்கத்து மனிதர்தான், கண்டியில் நெடுங்காலம் இருந்தவர். அவர்தான் முதன்முதலில் நேராகக் கதைத்தார்.

"பிரஷர் ஏறினது, நஞ்சுக்கொடி கழண்டது எல்லாம் கடைசியிலை நடந்தது, பிள்ளை. பிழை துவக்கத்திலேயே நடந்திட்டுது. நஞ்சுக்கொடி வேர் விடேக்கை கருப்பையின்ரை ரத்தக் குழாயள் விரிஞ்சு குடுக்க வேணும். உமக்கு அது சரியா விரியேல்லை. உள்ளுக்கை இருந்தது பட்டினி கிடந்திருக்கு."

"இனி என்ன செய்யிறது?"

"அடுத்த முறை நாள் தள்ளின உடனை வாரும். அஸ்பிரின், சின்ன அளவிலை. ஒரு குளிசையிலை கால்வாசி, ஒவ்வொரு நாளும், சாப்பாட்டோடை. அந்தச் சின்னக் குழாயளிலை ரத்தம் கட்டிபடாமல் பார்க்கும். வேர் விடுற காலத்திலேயே துவங்க வேணும். எங்கடை ஆக்கள் மூண்டு நாலு மாசம் மூடி வைச்சிருந்து, வயிறு பூசணிக்காய் மாதிரி வந்தாப்பிறகு கூட்டிக்கொண்டு வருவினம். அப்ப நான் பார்த்தென்ன, பார்க்காமல் விட்டென்ன?"

"குடிச்சால் கட்டாயம் சரி வருமே?"

"எழுதித் தர மாட்டன். எல்லாருக்கும் வேலை செய்யாது. செய்யிற ஆக்களுக்கும் நேரத்தோடை துவங்கினால்தான் செய்யும்."

அவர் பொய் சொல்லாததால் நான் அவரை நம்பினேன்.

குண்டுக்குப் பிறகு வீட்டுக்காரர் எங்களை எழும்பச் சொன்னார். நல்ல மனிதர்தான், என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். நகரத்துக்குள் யாழ்ப்பாணத்தாருக்கு வீடு தர ஆளில்லை. கடைசியில் மாத்தளை வீதியில், அலவத்துகொடைப் பக்கம், ஒரு முஸ்லிம் குடும்பத்தின் மேல்மாடி கிடைத்தது. கீழே ஒரு ஹாஜியாரும் அவருடைய மனைவியும். ஹாஜியாருக்கு அக்குறணையில் துணிக்கடை. நெஞ்சு வலி வந்து படுத்த பிறகு கடையை மகன்களிடம் விட்டுவிட்டு வாசலில் கதிரை போட்டு இருப்பார். அவர் மனைவி என்னை முதல் நாளே 'மகள்' என்று கூப்பிடத் தொடங்கினார். நான் அவரை 'உம்மா' என்று கூப்பிட்டது மாமிக்குப் பிடிக்கவில்லை.

அங்கேதான் எனக்கு மறுபடி நாள் தள்ளியது.

மூன்று மாதம் முடியும் வரை ஒருத்தருக்கும் சொல்வதில்லை என்று நானும் கணவரும் முடிவெடுத்தோம். அவருக்குக் கண்ணூறு பயம். எனக்கு மாமி பயம். முதல் மூன்று மாதமும் எந்தக் குளிசையையும் தொடக் கூடாது என்பது மாமியின் சட்டம், தெரிந்தால் விடமாட்டார். ஆகவே வைத்தியரிடம் களவாகப் போனோம். களவாக வெட்டினேன். கந்தோரில் மத்தியானச் சாப்பாட்டோடு களவாகக் குடித்தேன். காலையில் சத்தி வரும்போதும் குழாயைத் திறந்து விட்டுத்தான் வாந்தி எடுத்தேன்.

அக்குறணைப் பக்கமிருந்து கண்டிக்கு வரும் பஸ்களை ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் சோதனைச் சாவடியில் மறிப்பார்கள். எல்லோரும் இறங்கி வரிசையில் நடக்க வேண்டும். சிங்களவர்கள் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு ஏறிவிடுவார்கள். முஸ்லிம்கள் கொஞ்சம் பிந்தி ஏறுவார்கள். அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். நான் ஒவ்வொரு நாளும் ஒதுங்கி நின்றேன். ஒவ்வொரு நாளும் பையை மேலோட்டமாகக் கிளறிவிட்டு விடுவார்கள். அன்றைக்கு இருந்த பெண் பொலிஸ் புதியவள். அடிவரை கிளறினாள். குப்பியைத் திறந்தாள்.

"மே மொனவாத?" இது என்ன என்று கேட்டாள்.

"பெஹெத்," என்றேன். மருந்து.

மருந்தென்றால் ஏன் மட்டையில் இல்லை, ஏன் துண்டு துண்டாக இருக்கிறது என்று கேட்டுவிட்டுச் சார்ஜனைக் கூப்பிட்டாள். அவர் துண்டுகளை உள்ளங்கையில் கொட்டி மணந்து பார்த்தார். பிறகு ஒரு சொல் சொன்னார். "சயனைட்." அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை, பிடிபட்டால் கடிக்க இயக்கப் பிள்ளைகள் கழுத்தில் கட்டித் திரிவது. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்து வந்த பெண் தன் பிள்ளையை இழுத்துத் தன் சீலையோடு அணைத்துக்கொண்டாள்.

அஸ்பிரின் என்றேன். தலைவலிக்கு ஆட்கள் முழுக் குளிசை குடிப்பார்கள், கால் துண்டு குடித்து எந்தத் தலைவலி போகும் என்று சார்ஜன் கேட்டார். தலைவலிக்கு இல்லை என்றேன். அப்படியானால் எதற்கு? சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. எனக்குப் பிள்ளை கிடைக்க இருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்கவில்லை என்று காட்டினார். உரத்துச் சொன்னேன். "வயிறு எங்கே?" என்றார். பக்கத்தில் நின்ற துவக்குக்காரர்கள் சிரித்தார்கள். ஹாஜியாரின் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவரும் அந்த பஸ்ஸில் வந்திருந்தார். அவர் இறங்கி வந்து, இவரை எனக்குத் தெரியும் சேர் என்றார். அவரை விரட்டி ஏற்றினார்கள். பஸ் போய்விட்டது.

மாமிக்குச் சொல்லாததை, என்னைப் பெற்ற அம்மாவுக்குக்கூட எழுதாததை, நான் பாலத்தடியில் நின்று ஒரு பொலிஸ்காரனுக்குக் கத்திச் சொன்னேன்.

பொலிஸ் நிலையத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி சத்தம் போடாத மனிதர். குப்பியை என் பக்கம் தள்ளி, "மருந்தென்றால் தின்று காட்டு," என்றார். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். தண்ணீர் தரவில்லை. புளிப்பும் கசப்புமாக நாக்கில் கரைந்தது. நான் சாகிறேனா என்று பார்த்துக்கொண்டு அவர் தேத்தண்ணீர் குடித்தார். நான் சாகவில்லை. அவர் குப்பியைக் கவிழ்த்து, அடியில் கிடந்த துண்டொன்றைத் தானே தெரிந்தெடுத்து, "இதையும்," என்றார்.

ஒரு நாளைக்கு ஒன்றுதான் வைத்தியர் சொன்னது என்றேன்.

"ஒன்று மருந்து, இரண்டு நஞ்சா?" என்று கேட்டார்.

அதையும் தின்றேன். வயிறு வெறும் வயிறு. எரிந்தது. அந்த எரிவில் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, யாரிடமும் கேட்கவும் முடியவில்லை. அப்படி ஒரு கேள்வியை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒரு பெண் அங்கே ஒரு மர வாங்கில் பின்னேரம் வரை இருந்தாள் என்று அந்த அதிகாரி வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருப்பாரா? சொல்லியிருக்க மாட்டார். அவருக்கு அது இன்னொரு வேலை நாள்.

கணவரும் அவருடைய மேலதிகாரியும் வந்து பொறுப்பேற்ற பிறகு விட்டார்கள். குப்பியைத் தரவில்லை. வெளியே வந்ததும் கணவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "பஸ்ஸிலை தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருந்தவையே?"

இருந்தார்கள். செய்தி எங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது. பக்கத்துக் கடைக்காரர் ஹாஜியாருக்குச் சொல்லி, ஹாஜியார் மனைவிக்குச் சொல்லி, அந்த அம்மா நல்ல செய்தி என்று நினைத்து ஒரு தட்டில் இனிப்புத் தொதல் வெட்டி எடுத்துக்கொண்டு மேலே ஏறி மாமியிடம் கொடுத்திருக்கிறார். மாமி பேத்தியோ பேரனோ வரப்போகிற செய்தியைத் தொதலோடும் அஸ்பிரினோடும் பொலிஸோடும் சேர்த்து ஒரே நேரத்தில் கேட்டிருக்கிறார்.

நான் படியேறி வந்தபோது தொதல் தொடாமல் மேசையில் கிடந்தது.

"ஒளிச்சுத் திண்டிருக்கிறாய்," என்றார்.

"டொக்டர் தந்த மருந்து மாமி."

"எந்த டொக்டர் வயித்துப்பிள்ளைக்காரிக்கு அஸ்பிரின் குடுப்பான்? ஊரிலை வேண்டாத வயித்தைக் கரைக்கிறவளவை உதைத்தானே கை நிறைய அள்ளிப் போடுறவளவை. என்ரை சொந்தத்திலேயே ஒருத்தி போட்டவள். ரத்தத்தைத் தண்ணியாக்கிற சாமான்!"

"கை நிறைய இல்லை. கால் துண்டு."

"நஞ்சிலை கால் என்ன, முழுசென்ன?"

பொலிஸ் அதிகாரி கேட்ட அதே கேள்வி. அவர் சிங்களத்தில் கேட்டார், இவர் தமிழில் கேட்டார். அளவு என்று ஒன்று இருப்பதை இரண்டு பேரும் ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை.

அந்தக் கிழமை முடிவதற்குள் எனக்கு இரத்தம் பட்டது. கொஞ்சம்தான், பழுப்பு நிறத்தில். மாமி சத்தம் போடவில்லை. துணியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், "சொன்னனான்," என்று மட்டும் சொன்னார்.

வைத்தியரிடம் ஓடினோம். ஸ்கான் திரையில் அரிசி மணி மாதிரி ஒன்று கிடந்தது. அதற்கு நடுவில் ஏதோ விட்டு விட்டு மின்னியது. அதுதான் இதயம் என்றார். நான் வாய்விட்டு அழுதேன். இப்படி இரத்தம் படுவது பலருக்கும் நடக்கிறது, குளிசையால் என்று சொல்ல முடியாது, பொலிஸில் தின்ற இரண்டு துண்டும் ஒன்றும் செய்யாது என்றார். "கந்தோருக்குப் போகாமல் வீட்டிலை ஓய்வா இரும். குளிசையை மட்டும் நிப்பாட்டாதையும்." கணவர் பக்கத்தில் நின்று, "ஓம் டொக்டர், ஓம் டொக்டர்," என்று தலையாட்டினார். போகிற வழியில் புது மட்டை ஒன்று வாங்கினார். வீட்டுக்கு வந்து தாயோடு பத்து நிமிடம் அறைக்குள் கதைத்துவிட்டு வந்து, அந்த மட்டையை மலசலகூடத்துக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்.

"ஒரு மாசம் நிப்பாட்டி வைப்பம். பிறகு பார்ப்பம்."

"பிறகு குடிச்சுப் பிரயோசனமில்லை எண்டு டொக்டர் உங்கடை காதுக்குத்தானே சொன்னவர்?"

"அம்மா நாலு பெத்தவ."

"டொக்டர் எத்தினை பெறுவிச்சவர்?"

"நீர் எல்லாத்துக்கும் எதிர்க்கதை கதையாதையும்," என்றார். அதோடு அவருடைய நியாயம் முடிந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் கந்தோரால் வந்ததும் என் கைப்பையைத் திறந்து பார்த்தார். அலுமாரியில் என் உடுப்புகளைத் தூக்கிப் பார்த்தார். கோபமாகச் செய்யவில்லை, அன்பாகத்தான் செய்தார். பாலத்தடியில் இருந்த சாவடி வீட்டுக்குள் வந்துவிட்டது. வீட்டுச் சாவடியில் பகல் முழுக்க மாமி, பின்னேரத்தில் மகன். நான் படுக்கையில் கிடந்து உள்ளே வேர் விட்டுக்கொண்டிருக்கிற அந்தக் கொடியை நினைத்தேன். அதன் குழாய்கள் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அடைபடுவதுபோல எனக்குத் தோன்றும். அது வெறும் நினைப்புத்தான். ஆனால் முதல் பிள்ளைக்கு அது உண்மையாகவே நடந்தது.

நோன்பு தொடங்கியது. முதலாம் நோன்பன்று மாமி குளிக்கப் போன நேரம் பார்த்து வீட்டுக்கார அம்மா மேலே ஏறி வந்தார். வாசலிலேயே நின்றார்.

"மகள், நாந்தானே வாயத் தொறந்தன். சந்தோசமான விசயமெண்டு நெனச்சுத்தான் செல்லிப்போட்டன். இந்த மனுசி இப்படிப் பேயாடுவாண்டு தெரியாமப் போச்சி."

நான் நடந்ததைச் சொன்னேன். குளிசை எது, எவ்வளவு, ஏன் என்று சொன்னேன். அவர் கண்ணை அகல விரித்தார்.

"இதுவா? இது ஹாஜியார் தின்ற சாமான்தானே? நெஞ்சு வலி வந்ததிலேந்து ஒவ்வொரு நாளும் கால் துண்டு. கீழ பெட்டீல ஈக்கிது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. என் காலுக்குக் கீழே, அதே வீட்டில், ஒரு மனிதர் அதே கால் துண்டை ஒவ்வொரு நாளும் வாசலில் இருந்து எல்லோரும் பார்க்கக் குடித்துக்கொண்டிருந்தார். மாமியே அவருக்குச் சுகம் விசாரித்திருக்கிறார். அவர் நெஞ்சுக்குக் குடித்தால் மருந்து. நான் வயிற்றுக்குக் குடித்தால் கொலை.

அன்று பின்னேரம் பாங்கு சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தட்டு மேலே வந்தது. நோன்புக் கஞ்சி ஒரு கோப்பை, இறைச்சி வைத்த பெட்டிஸ் இரண்டு, மூன்று ஈத்தம்பழம். நோன்பு மாதத்தில் பக்கத்து வீடுகளுக்குக் கஞ்சி அனுப்புவது அந்தப் பக்கத்து வழக்கம், அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஒரு பழம் மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் பிளந்து கிடந்தது. அதில் கொட்டை இல்லை. கொட்டை இருந்த இடத்தில் கால் துண்டு இருந்தது.

மாமி எட்டி நின்று தட்டைப் பார்த்தார். "சோனக வீட்டுக் கஞ்சி. மாடு போட்டிருப்பினம். தொடாதை."

"எனக்கு ஆசையாக் கிடக்கு மாமி. வயித்துப்பிள்ளைக்காரி ஆசைப்பட்டதைக் குடுக்காட்டில் பிள்ளைக்குக் காது வடியுமெண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்?"

அவருடைய சட்டங்களில் எனக்கு உதவிய ஒரே சட்டம் அதுதான். தட்டைக் கையால் தொட்டுச் சோதிக்கவும் அவரால் முடியவில்லை, மாடு பட்டிருக்கும். நான் கதிரையில் இருந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்க, பழத்தை வாயில் போட்டுக் கஞ்சியைக் குடித்தேன்.

"கோழிதான் மகள், கோழி," என்று வீட்டுக்கார அம்மா படியில் நின்று சத்தியம் பண்ணுவார். அது கோழி இல்லை என்று மணத்திலேயே எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. அவரும் அதற்கு மேல் சொல்லவில்லை. முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தேன். பிறகு பொத்தவில்லை. சைவச் சாப்பாட்டில் வளர்ந்தவள் நான். பிள்ளை உயிரோடு வருமென்றால் எதையும் குடித்திருப்பேன்.

நோன்பு முழுக்க அப்படி நடந்தது. ஒரு நாள் ஹாஜியார் கீழே இருந்து எனக்குக் கேட்கும்படி மனைவியிடம் சொன்னார்: "அக்குறண பாமசிக்காரன் கேக்கிறான், ஹாஜியாருக்கு நெஞ்சு ரெண்டு ஈக்கிதாண்டு. குளிச அவ்வளவு கெதியா முடியுதாம்."

"சத்தம் போடாதீங்க. ஒங்கட நெஞ்சு ஒண்டும் கொறயல்ல," என்றார் அம்மா.

பெருநாள் முடிந்தது. கஞ்சிக்குச் சாட்டு இல்லாமல் போனது. அவர் இறைச்சிக்கறி அனுப்பத் தொடங்கினார், பக்கத்தில் எப்போதும் ஈத்தம்பழம். "உவளுக்கு உதென்ன மாட்டு ஆசை," என்று மாமி மகனிடம் முறையிட்டார். மகன், "வயித்திலை பிள்ளை கிடக்கு, விடுங்கோம்மா," என்றார். வயிறு வெளியே தெரிந்து, வேலைக்குத் திரும்பிய பிறகு, நானே காலையில் கீழே இறங்கி அவர்கள் அடுப்படியில் ஒரு துண்டு ரொட்டியோடு வாங்கிக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். பையில் எதையும் கொண்டு போகவில்லை. பாலத்தடியில் பையைக் கொட்டிக் காட்டினேன்.

இந்த முறை முகம் உப்பவில்லை. உப்பவில்லையே என்று மாமி கவலைப்பட்டார்.

எட்டாம் மாதத்தின் கடைசியில் பிரஷர் ஏறியது. வைத்தியர் காத்திருக்கவில்லை, வெட்டி எடுத்தார். பொம்பிளைப் பிள்ளை. என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைதான் இருந்தாள். தோல் சுருங்கி, கிழவி மாதிரி. ஆனால் அழுதாள். அந்தக் கத்தலை நான் முதல் பிள்ளையிடம் கேட்கவில்லை, ஆகவே அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. அசிங்கமான சத்தம். இன்னும் கத்து, இன்னும் கத்து என்று கிடந்தேன்.

நஞ்சுக்கொடி சின்னது, ஆனால் கெட்டியாகப் பிடித்திருந்தது என்றார் வைத்தியர். குளிசைதான் காப்பாற்றியதா என்று கேட்டேன்.

"தெரியாது, பிள்ளை. உம்மளவிலை ஒருத்தராலும் சொல்லேலாது. குடிக்காமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்குமெண்டு ஆருக்குத் தெரியும்?"

அந்தப் பதிலும் எனக்கு ஆத்திரத்தைத் தந்தது. ஆனால் அவரும் பொய் சொல்லியிருந்தால் நான் எங்கே போவேன்?

குழந்தையை வார்டுக்குக் கொண்டு வந்து தந்த அன்று மாமி அவளை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த கட்டில்காரியோடு கதைத்தார். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, முதல் பிரசவம். "என்ரை மகன் அண்டைக்கு அந்தக் குளிசையைத் தூக்கி எறிஞ்சபடியால்தான் பிள்ளை இண்டைக்கு உயிரோடை கிடக்கு," என்றார். கணவர் கால்மாட்டில் நின்று, அதைக் கேட்டுக்கொண்டு, சிரித்தார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். வெட்டின காயம் இழுத்தது. தலையணையைப் பிடித்துக்கொண்டு எழும்பி இருந்தேன்.

"மாமி, நான் விடேல்லை. ஒவ்வொரு நாளும் திண்டனான். ஈத்தம்பழத்துக்கை வைச்சுத் தந்தவ. நீங்கள் பார்த்துக்கொண்டு நிக்கத்தான் திண்டனான், மாட்டிறைச்சிக் கஞ்சியோடை."

"ஐயோ அக்கா, பச்ச ஒடம்பு, பேசாம படுங்க," என்றாள் தோட்டத்துப் பிள்ளை.

மாமி குழந்தையைக் கட்டிலில் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். எழும்பிக் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார். கணவர், "நீர் எனக்கே பொய் சொல்லியிருக்கிறீர்," என்றார்.

"நீங்கள் என்ரை பையைச் சோதிச்சனீங்கள்," என்றேன்.

அதற்குப் பிறகு அந்த விஷயத்தை நாங்கள் இருவரும் கதைத்ததே இல்லை. இன்றைக்கு வரை இல்லை. மாமி மட்டும் கதைத்தார். நான் ஒன்றுமே சொல்லாததுபோல, மகன் குளிசையை எறிந்து பிள்ளையைக் காப்பாற்றிய கதையைச் சாகும் வரை சொன்னார்.

வீடு மாற வேண்டும் என்று அவர் நின்றார். மகன் கலகெதரையில் ஒரு வீடு பார்த்தார். என்னைக் கேட்கவில்லை. பிள்ளைக்கு முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழித்த கையோடு சாமான்களை லொறியில் ஏற்றினார்கள். ஹாஜியார் கதிரையில் இருந்து எழும்பவில்லை, தொப்பியைச் சரி செய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார். வீட்டுக்கார அம்மா வந்து குழந்தையின் நெற்றியைத் தடவி ஏதோ ஓதினார். மாமி குழந்தையின் தலையை உடனே துணியால் மூடினார். லொறி நகரும்போது அம்மா ஒரு கடதாசிப் பொதியை யன்னலால் என் மடியில் போட்டார். "வழியில சாப்பிடுங்க மகள்," என்றார்.

அக்குறணைக் கடைகளைத் தாண்டும்போது மாமி அந்தப் பொதியை என் மடியிலிருந்து எடுத்து வெளியே எறிந்தார்.

நான் லொறியை நிற்பாட்டச் சொன்னேன். சாரதி நிற்பாட்டவில்லை, கணவரைப் பார்த்தார். நான் கதவைத் திறக்கப் போனதும் நிற்பாட்டினார். குழந்தையைக் கணவரின் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன். காயம் இன்னும் இழுத்தது. கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடதாசி கிழிந்து ஈத்தம்பழங்கள் வீதியோரத்தில் உருண்டு கிடந்தன, சிலதின் மேல் பஸ் ஏறியிருந்தது. குனிய முடியாததால் முழங்காலில் இருந்து, நல்லதாகக் கிடந்ததை எல்லாம் சீலைத் தலைப்பில் பொறுக்கினேன். லொறியில் ஏறியதும் ஒன்றைத் துடைத்துவிட்டுக் கடித்தேன். இன்னொன்றைக் கடித்தேன்.

எல்லாவற்றிலும் கொட்டை இருந்தது.